கால்குலேட்டர் எழுதிப் பழகுகிறவர்கள்

2017 அக்டோபரில் ஐபோன் வைத்திருந்தவர்கள் பலர் ஒரு வேடிக்கையைச் செய்து பார்த்தார்கள். போனோடு வந்த கால்குலேட்டரைத் திறந்து 1 + 2 + 3 = என்று விறுவிறுவென அழுத்துவது. விடை 24 என்று வந்தது. நிதானமாக அழுத்தினால் 6. அந்த ஆண்டு வெளியான ஐஓஎஸ் 11இல், பொத்தானைத் தொட்டதும் அது ஒரு கணம் ஒளிர்ந்து அடங்கும்படி அலங்காரம் செய்திருந்தார்கள். அடங்குவதற்குள் அடுத்த பொத்தானைத் தட்டினால் அந்தத் தட்டு கணக்கில் சேரவில்லை. இரண்டாவது கூட்டல் குறி காணாமல் போய், 1 + 23 என்று கணக்கு நடந்திருந்தது. டிசம்பரில் வந்த 11.2 பதிப்பில்தான் இது சரியானது.

ஆப்பிள் நிறுவனம் ஒன்றாம் வகுப்புக் கணக்கில் சறுக்கியதாகக் கேலி கிளம்பியது. கேலி இருக்கட்டும். கணக்கு அங்கே தவறவேயில்லை. 1ஐயும் 23ஐயும் கூட்டினால் 24தான். விரலுக்கும் கணக்குக்கும் இடைப்பட்ட வழியில் ஒரு குறி தொலைந்துபோனது, அவ்வளவுதான். நிரல் எழுதப் பழகுகிறவர்களிடம் ஆரம்ப வேலையாகக் கால்குலேட்டரைக் கொடுப்பதற்கான நியாயம் இந்த இடைவழியில் இருக்கிறது. கொடுக்கிறவர்கள் பலர் இதைச் சொல்வதில்லை. செய்கிறவர்கள் தாமாகக் கண்டுபிடிக்கிறார்கள். அல்லது கண்டுபிடிக்காமலேயே மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள்.

இந்தப் பயிற்சிக்கு நல்ல பரம்பரை உண்டு. பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிட்சியும் 1978இல் எழுதிய சி மொழிப் புத்தகத்தின் நான்காம் அத்தியாயத்தில் ஒரு கால்குலேட்டர் இருக்கிறது. சி++ மொழியை உருவாக்கிய பியார்னே ஸ்ட்ரூஸ்ட்ரப், புதிதாகக் கற்க வருகிறவர்களுக்கென்று எழுதிய பாடநூலில் இரண்டு முழு அத்தியாயங்களைக் கால்குலேட்டருக்கே ஒதுக்கினார். அதில் அவர் கையாளும் முறை அழகானது: சரியான நிரலை எடுத்து நீட்டாமல், முதலில் தோன்றியபடி எழுதிக் காட்டுகிறார், அது ஏன் உதவாது என்று பேசுகிறார், பிறகு மாற்றுகிறார். இணையவழி இலவசப் பள்ளியான ஃப்ரீகோட்கேம்ப், சான்றிதழ் பெறச் செய்து காட்ட வேண்டிய வேலைகளில் ஒன்றாக ஜாவாஸ்கிரிப்ட் கால்குலேட்டரை வைத்தது.

தொழில் வரலாற்றிலும் இதற்கு ஓர் இடம் உண்டு. 1969இல் ஜப்பானின் பிசிகாம் நிறுவனம், தன் மேசைக் கால்குலேட்டர்களுக்குச் சில்லுகள் செய்துதரும்படி அப்போது சின்னஞ்சிறு நிறுவனமாக இருந்த இன்டெல்லைக் கேட்டது. கால்குலேட்டருக்கென்றே தனிச் சுற்றுகளை வரைவதற்குப் பதில், பொதுவான சில்லு ஒன்றைச் செய்து, கால்குலேட்டராக நடந்துகொள்ளும் வித்தையை மட்டும் நிரலாக எழுதி நினைவகத்தில் வைத்துவிடலாம் என்று இன்டெல்லின் டெட் ஹாஃப் யோசனை சொன்னார். ஃபெடரிகோ ஃபாஜின் வடிவமைப்பை முன்னின்று நடத்த, பிசிகாமிலிருந்து வந்த மசடோஷி ஷிமா உடன் உழைத்தார். 1971 நவம்பரில் 4004 என்ற எண்ணோடு அது பொது விற்பனைக்கு வந்தது. உள்ளே 2,300 டிரான்சிஸ்டர்கள். இன்டெல்லின் முதல் மைக்ரோபுராசஸரும் தன் பிழைப்பைக் கால்குலேட்டர் நிரலை ஓட்டித்தான் தொடங்கியது.

தமிழ்நாட்டில் பிளஸ் ஒன் கணினி அறிவியலில் சி++, பிளஸ் டூவில் பைத்தான். கல்லூரிகளின் முதலாண்டு லேப்பில் பெரும்பாலும் சி. எந்த வழியாக வந்தாலும் ‘ஸ்விட்ச் கேஸ் கால்குலேட்டர்’ மாணவரை ஒருமுறை சந்தித்துவிடும். இரண்டு எண்களை வாங்கு. 1 என்றால் கூட்டு, 2 என்றால் கழி, 3 என்றால் பெருக்கு, 4 என்றால் வகு. முப்பது வரி. டர்போ சி++இன் நீலத் திரையில் இதைத் தட்டிய தலைமுறை பெரியது. போர்லாண்ட் நிறுவனம் 1990களின் தொடக்கத்தில் வெளியிட்ட அந்த மென்பொருள், உலகம் அதை மறந்த பிறகும் இந்தியக் கல்லூரி லேப்களில் இருபது ஆண்டு கூடுதலாக உயிர் வாழ்ந்தது. ரெக்கார்டு நோட்டில் ஒரு பக்கம் புரோகிராம், எதிர்ப்பக்கம் அவுட்புட். 10, 5 கொடுத்தால் 15 வரும். எக்ஸ்டர்னல் கையெழுத்துப் போடுவார்.

அந்த 10, 5இல்தான் கோளாறு. கூட்டினாலும் கழித்தாலும் பெருக்கினாலும் சின்ன எண். வகுத்தால் மீதியே இல்லை. நிரலில் உள்ள எந்தக் குறையையும் வெளியே காட்டிக்கொடுக்காத உத்தமமான ஜோடி அது. அதே டர்போ சியில் 200ஐ 200ஆல் பெருக்கச் சொன்னால் −25536 என்று வரும். அங்கே முழு எண்ணுக்கு ஒதுக்கிய இடம் 16 பிட். 32767க்கு மேல் அதில் கொள்ளாது. தாண்டினால் எண் சுற்றிக்கொண்டு எதிர்மறைப் பக்கம் போய்விடும். 7ஐ 2ஆல் வகுத்தால் 3. முழு எண்ணை முழு எண்ணால் வகுத்தால் முழு எண்தான் என்பது சி மொழியின் கறார். ஒவ்வொரு கேஸின் முடிவிலும் பிரேக் போட மறந்தவருக்கு, கூட்டு என்று கேட்டால் கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தல் நான்கின் விடையும் வரிசையாக வந்து விழும். இந்த மூன்றில் எது ஒன்றும் ஒரு மணி நேர வகுப்புக்குத் தாங்கும். ஆனால் லேப்பில் இவற்றுக்குப் பொதுப்பெயர் ‘எர்ரர்’. மருந்து, பக்கத்து இருக்கைக்காரரின் புரோகிராம்.

பைத்தானில் தொடங்குகிறவருக்கு வரவேற்பு வேறு மாதிரி. இன்புட் கட்டளை வழியாக 5, 7 என்று வாங்கிக் கூட்டினால் 57. விசைப்பலகையிலிருந்து எது வந்தாலும் பைத்தானுக்கு அது எழுத்துதான். எண்ணாக மாற்று என்று சொல்லாதவரை இரண்டையும் ஒட்டி வைக்கும். ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் குறும்பு. எழுத்தாக வந்த 5ஐயும் 7ஐயும் அங்கே கூட்டினால் 57, கழித்தால் −2, பெருக்கினால் 35. எழுத்துகளைக் கழிக்கவோ பெருக்கவோ வழியில்லை என்பதால் அப்போது மட்டும் தானாகவே எண்ணாக மாற்றிக்கொள்கிறது. கூட்டல் குறிக்கு ஒட்டும் வேலையும் உண்டென்பதால் அங்கே மாற்றுவதில்லை. கழித்தலை முதலில் சோதித்துப் பார்த்தவர், கூட்டலைப் பார்க்காமலேயே நம்பிவிடுவார்.

தமிழ் வாசகருக்கு இங்கே ஒரு கொசுறுச் செய்தி. பைத்தானில் எழுத்தை எண்ணாக மாற்றும் இன்ட் என்ற கருவிக்குத் தமிழ் எண்களும் தெரியும். ௧௨ என்று கொடுத்தால் பன்னிரண்டு என்று எடுத்துக்கொள்ளும். அதோடு ௫ஐக் கூட்டச் சொன்னால் 17 என்னும். யூனிகோடு தசம இலக்கம் என்று குறித்துவைத்திருக்கும் எல்லா எழுத்துமுறை எண்களையும் அது ஏற்கிறது. ஆனால் நம் பழைய ஏடுகளில் பன்னிரண்டை ௰௨ என்றே எழுதினார்கள். பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனித்தனிக் குறிகள். பூஜ்யத்துக்கு வேலை இல்லை. இந்தக் குறிகளுக்கு எண் மதிப்பு உண்டென்று யூனிகோடு ஒப்புக்கொண்டாலும், தசம இலக்கங்களின் வரிசையில் அவற்றைச் சேர்க்கவில்லை. ஆகவே ௰௨ என்று கொடுத்தால் பைத்தான் பிழைச் செய்தியோடு நின்றுவிடும். அதைப் படிக்கத் தெரிந்த கால்குலேட்டரை எழுத ஆசைப்படுகிறவர், ௨௱௩௰௪ என்பதை இருநூற்று முப்பத்து நான்காக மாற்றும் வழியைத் தானே யோசிக்க வேண்டும். இரண்டைப் படித்து, நூறு வந்ததும் பெருக்கி, அதை ஓரமாக எடுத்துவைத்து, அடுத்ததைப் படிக்க வேண்டும். முன்னால் எண் இல்லாமல் ௱ மட்டும் நின்றால் அதை ஒரு நூறு என்று கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து வரிதான். இடமதிப்பு என்ற ஏற்பாடு எவ்வளவு வேலையை மிச்சப்படுத்தியிருக்கிறது என்பது அந்தப் பதினைந்து வரியில் புரிந்துவிடும். நகலெடுக்க எளிதில் விடை கிடைக்காத வீட்டுப்பாடம் வேண்டுமென்கிற ஆசிரியர்கள் இதைக் கொடுத்துப் பார்க்கலாம்.

வகுத்தலுக்கு வந்தால் பூஜ்யம் காத்திருக்கிறது. 1997 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படையின் யார்க்டவுன் என்ற போர்க்கப்பல், வர்ஜீனியா கரைக்கு அப்பால் கடலில் அசையாமல் நின்றுபோனது. மாலுமிகளின் எண்ணிக்கையைக் குறைத்துக் கணினிகளிடம் பொறுப்பை ஒப்படைக்கும் சோதனைக்கு உட்பட்டிருந்த கப்பல் அது. தரவுத்தளத்தின் ஒரு கட்டத்தில் ஊழியர் ஒருவர் பூஜ்யத்தை இட்டார். நிரல் அதைக் கொண்டு வகுக்கப் போனது. பழுது அங்கிருந்து கப்பலின் கணினி வலை முழுதும் பரவி, இயந்திரங்களை இயக்கும் கட்டுப்பாடு செயலிழந்தது. சுமார் மூன்று மணி நேரம் கப்பல் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

பூஜ்யத்தால் வகுக்கக்கூடாது என்பது அந்த நிரலை எழுதியவர்களுக்குத் தெரியாதா என்ன? அப்படி ஒரு வகுத்தல் வந்தால் என்ன செய்வது என்று யாரும் உட்கார்ந்து முடிவெடுக்கவில்லை என்பதே விஷயம். பைத்தான் பிழை சொல்லி நிரலையே நிறுத்திவிடும். ஜாவாஸ்கிரிப்ட் முடிவிலி என்று ஒரு விடையைக் கொடுத்துவிட்டு மேலே போகும். கடைக்காரரின் கால்குலேட்டர் திரை ஓரத்தில் ஒரு ஆங்கில ‘ஈ’யைக் காட்டிவிட்டு, அழிப்புப் பொத்தானைத் தொடும்வரை எதற்கும் மசியாது. தி ஓடின் புராஜெக்ட் என்ற மற்றொரு இணையப் பாடத்திட்டம், பூஜ்யத்தால் வகுக்கிறவரைக் கிண்டலடிக்கும் செய்தி ஒன்றைக் காட்டும்படியும், அதற்காகக் கால்குலேட்டர் நொறுங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படியும் மாணவரிடம் சொல்கிறது. எதைத் தேர்ந்தாலும் தேர்ந்தவர் மாணவர். பத்தொன்பது வயதில் அப்படி ஒரு பொறுப்பு அவருக்கு வேறெங்கே கிடைக்கப்போகிறது?

பூஜ்யத்தையாவது எதிர்பார்த்திருக்கலாம். தசமப் புள்ளி நினையாத பக்கத்திலிருந்து அடிக்கும். எழுதி முடித்த மகிழ்ச்சியில் மாணவர் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பார்க்கிறார். பைத்தானோ ஜாவாஸ்கிரிப்டோ, வருவது 0.30000000000000004. தன் நிரலில் ஏதோ தவறு என்று நினைத்து ஒரு மாலை முழுதும் தேடியவர்கள் ஏராளம். தவறு அங்கே இல்லை. மூன்றில் ஒரு பங்கைத் தசமத்தில் எழுதினால் 0.333 என்று முடிவில்லாமல் ஓடுகிறதல்லவா. கணினியின் இரும எண்முறையில் பத்தில் ஒரு பங்குக்கு அந்தக் கதி. எங்கேயாவது வெட்டித்தான் வைக்க வேண்டும். வெட்டிய துணுக்கு வால் பக்கம் எட்டிப் பார்க்கிறது.

நம் எண்சுவடிக் கணக்கு தெரிந்தவர்களிடம் இதை விளக்குவது எளிது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாகப் பிளந்துகொண்டே போகும் பின்னங்கள் கணினிக்குச் சம்மதம். பதினாறில் ஒன்றான மாகாணியை அது பிசகில்லாமல் எழுதும். இருபதில் ஒன்றான மாவையும், பத்தில் ஒன்றான இருமாவையும், முந்நூற்று இருபதில் ஒன்றான முந்திரியையும் எழுத முடியாது. பகுதியில் ஐந்து எங்கே நுழைந்ததோ அங்கே இருமம் திணறிவிடும். 0.1 என்பது இருமாதான்.

எண்களை இப்படி வெட்டி வைப்பதில் கணினி நிறுவனங்கள் ஆளுக்கொரு விதி வைத்திருந்த காலம் ஒன்று இருந்தது. ஒரே கணக்குக்கு இயந்திரத்துக்கு இயந்திரம் விடை மாறியது. 1985இல் ஐஇஇஇ 754 என்ற பொதுவிதி வந்து அதை ஒழுங்குபடுத்தியது. அதன் பின்னிருந்த முதன்மை மூளை வில்லியம் கஹான். 1989இல் டூரிங் விருது பெற்றவர். ஹியூலெட் பேக்கர்டு நிறுவனத்தின் கைக் கால்குலேட்டர்கள் சரியான விடை தருவதற்காகவும் உழைத்தவர் அவர். கைக் கால்குலேட்டர்கள் பொதுவாக உள்ளுக்குள்ளேயும் தசமத்திலேயே கணக்குப் போடுகின்றன. ஆகவே மளிகைக் கடையில் 0.1 + 0.2 ஒழுங்காக 0.3. அதே கடையில் 1ஐ 3ஆல் வகுத்து 3ஆல் பெருக்கிப் பாருங்கள். விலை மலிவான கால்குலேட்டராக இருந்தால் 0.9999999 என்று வந்து நிற்கும்.

பெரிய நிறுவனங்களும் இந்த இடத்தில் வழுக்கி விழுந்தன. விண்டோஸ் 3.1 கால்குலேட்டரில் 3.11இலிருந்து 3.10ஐக் கழித்தால் 0.00 என்று காட்டும். விண்டோஸ் 3.10க்கும் 3.11க்கும் வித்தியாசம் பூஜ்யம் என்று அப்போது ஒரு ஜோக்கே உலவியது. பின்னால் மைக்ரோசாஃப்ட் அதன் கணக்குப் பகுதியை அடியோடு மாற்றி, எவ்வளவு நீளமான எண்ணையும் நுணுக்கம் குறையாமல் கையாளும்படி எழுதியது. வெளித்தோற்றம் அப்படியே இருந்ததால், இத்தனை வருடமாக இந்தக் கால்குலேட்டரை ஏன் மாற்றவில்லை என்று மக்கள் குறைபட்டுக்கொண்டார்களாம். அங்கே பணிபுரியும் ரேமண்ட் சென் இதை 2004இல் எழுதிவைத்திருக்கிறார். உள்வேலைக்குக் கைதட்டல் கிடைக்காது என்பதைச் சின்ன வயதிலேயே தெரிந்துகொள்வது நல்லது.

இந்த வழியில் இன்னும் தூரம் போனவர் கூகுளில் இருந்த ஹான்ஸ் போம். நினைவக மேலாண்மையில் உலகப் பெயர் பெற்றவர், ஆண்ட்ராய்டு போனின் கால்குலேட்டரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். திரையில் தெரியும் ஒவ்வோர் இலக்கமும் சரியாக இருக்க வேண்டும் என்பது அவர் வைத்துக்கொண்ட விதி. பத்தின் நூறாவது அடுக்கோடு 1ஐக் கூட்டி, மீண்டும் அதே பத்தின் நூறாவது அடுக்கைக் கழித்தால் சாதாரண நிரல் 0 என்று சொல்லும்; 1 அந்தப் பேரெண்ணில் மூழ்கிவிடும். போமின் கால்குலேட்டர் 1 என்கிறது. விடையை விரலால் தள்ளத் தள்ள மேலும் மேலும் இலக்கங்களைக் கணக்கிட்டுக் காட்டுகிறது. இதில் ஒரு விபரீதமும் உண்டு. ஏதேனும் இரண்டு மெய்யெண்கள் சமமா என்று எல்லா நேரத்திலும் தீர்மானித்துச் சொல்லும் நிரலை எழுத முடியாது என்பது கணிதம் நிரூபித்துவிட்ட விஷயம். ஆகவே ஒரு விடை உண்மையில் பூஜ்யமா, பூஜ்யத்துக்கு மிக நெருங்கிய ஏதோ ஒன்றா என்று சொல்லத் தனி ஏற்பாடுகள் தேவைப்பட்டன. 2017இல் அவர் கணினி ஆய்வாளர்களின் இதழில் இதைக் கட்டுரையாகவே எழுதினார். பிளஸ் டூ மாணவர் தொடங்கும் அதே இடத்தில் தொடங்கி, கணிதத்தின் எல்லைச்சுவரில் போய் முட்டிக்கொண்டு நிற்கலாம். நடுவே எங்கும் வேலி கிடையாது.

அடுத்தது வரிசைச் சிக்கல். 2 + 3 × 4 எவ்வளவு? பள்ளிக்கூடத்தில் 14. கடைக் கால்குலேட்டரில் அதே வரிசையில் அழுத்தினால் 20. விண்டோஸ் கால்குலேட்டர் ஸ்டாண்டர்ட் வகையில் 20 என்கிறது. சயின்டிஃபிக் வகைக்கு மாற்றினால் 14. ஒரே மென்பொருள், இரண்டு விடை, இரண்டும் தெரிந்தே செய்தவை. கடைக்காரருக்குப் பெருக்கல் குறியைத் தொட்டதும் அதுவரையான தொகை திரையில் வந்தாக வேண்டும். கணித மாணவருக்கு முழுக் கோவையும் ஒன்றாகப் பார்க்கப்பட வேண்டும். ஃப்ரீகோட்கேம்பின் சோதனையில் 3 + 5 × 6 − 2 ÷ 4 என்ற கணக்கு வருகிறது. 32.5 என்றாலும் சரி, 11.5 என்றாலும் சரி, தேர்ச்சி உண்டு. ஒரு கணக்குக்கு இரண்டு விடைகளையும் சரி என்று போடும் பரீட்சையை நம் பாடத்திட்டத்தில் கற்பனை செய்துபார்க்க முடிகிறதா?

32.5 வேண்டுமென்பவர் கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ராவிடம் போக வேண்டும். 1961இல் அவர் எழுதிவைத்த வழிக்கு ரயில் யார்டில் பெட்டிகளைத் தடம் மாற்றும் வேலையின் பெயர். எண்கள் நேராகப் போய்விடும். குறிகள் பக்கத்துத் தடத்தில் நிற்கும். பெருக்கல் குறி நிற்கும்போது கூட்டல் வந்தால், பெருக்கலை முதலில் அனுப்பிவிட்டுத்தான் கூட்டல் உள்ளே வரலாம். கூட்டல் நிற்கும்போது பெருக்கல் வந்தால், அது கூட்டலுக்கு முன்னால் போய் நின்றுகொள்ளும். காகிதத்தில் ஒருமுறை வரைந்து பார்த்தவர் அப்புறம் மறப்பதில்லை.

குறுக்கு வழியும் உண்டு. பைத்தானில் இவால் என்ற கட்டளையிடம் முழுக் கோவையையும் ஒப்படைத்துவிட்டால் ஒரே வரியில் கால்குலேட்டர் தயார். கணக்கு என்ற பெயரில் யாராவது கோப்புகளை அழிக்கும் கட்டளையைத் தட்டினால் அதையும் அது சிரத்தையாக நிறைவேற்றும். பைத்தானின் பழைய இரண்டாம் பதிப்பில் இன்புட் கட்டளையே இந்த வேலையைச் செய்தது; 2008இல் வந்த மூன்றாம் பதிப்பில் அதை நிறுத்தினார்கள். இவாலைக் கொண்டு எழுதிய கால்குலேட்டரை முடிந்த வேலையாக ஏற்றுக்கொள்ளும் ஆசிரியர், மாணவருக்கு நல்லது செய்யவில்லை.

திரையில் பொத்தான் வைக்கும் கட்டம் வந்ததும் ஆட்டம் வேறாகிவிடும். பைத்தானில் திரைப் பொத்தான்கள் செய்ய உதவும் டிகின்டரில் பத்துப் பொத்தான்களை ஒரு சுழலுக்குள் போட்டு உருவாக்கும் மாணவர், எதை அழுத்தினாலும் 9 வருவதைக் கண்டு திகைப்பார். பொத்தான்கள் எண்ணை நினைவில் வைக்கவில்லை, எண் இருந்த மாறியின் பெயரைத்தான் வைத்திருக்கின்றன. அழுத்தும் நேரத்தில் மாறியில் மிஞ்சியிருப்பது கடைசி 9. இது தீர்ந்தால் கேள்விகள் வரிசை கட்டும். புள்ளியை இரண்டு முறை அழுத்தினால்? சமக்குறிக்குப் பிறகு எண்ணை அழுத்தினால் புதுக் கணக்கா, பழைய விடையோடு ஒட்டுவதா? சமக்குறியையே மறுபடி அழுத்தினால்? 5 × − + 5 என்று தாறுமாறாக அழுத்தினால் கடைசிக் குறியை மட்டும் எடுத்துக்கொண்டு 10 என்று சொல்ல வேண்டும் என்பது ஃப்ரீகோட்கேம்ப் விதி. ஆனால் 5 × − 5 என்றால் −25. அங்கே கழித்தல் குறி எண்ணோடு சேர்ந்தது. ஒரே பொத்தானுக்கு இரண்டு வேடம். மைக்ரோசாஃப்ட் தன் விஷுவல் பேசிக் மொழியோடு மாதிரியாகக் கொடுத்த கால்குலேட்டரே இந்த இரட்டை வேடத்தில் குழம்பியது. அதன் கோளாறுகளை மிரோ சாமெக் தன் 2002ஆம் ஆண்டுப் புத்தகத்தில் பிரித்து மேய்ந்திருக்கிறார். கற்றுக்கொடுக்க எழுதிய மாதிரியே சறுக்கியதென்றால் மாணவர் வெட்கப்பட ஒன்றுமில்லை.

சதவீதப் பொத்தானை மட்டும் தனியாகச் சொல்ல வேண்டும். 500 ரூபாய்ப் பொருளுக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்க்க 500 + 18 % என்று போனில் அழுத்தினால் 590 வருகிறது. பைத்தானில் அந்தக் குறிக்கு வேறு அர்த்தம்: வகுத்த மீதி. பொத்தானை நேரடியாக அந்தக் குறியோடு இணைத்து 500 % 18 என்று அழுத்திப் பார்த்தவருக்கு 14 கிடைக்கும். சதவீதம் என்றால் எதன் சதவீதம் என்று கடைக்காரர் ஒருபோதும் சொல்வதில்லை. கால்குலேட்டர்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

பழகுவதற்காக எழுதிய கால்குலேட்டர் ஒன்று உலகப் புகழ் பெற்ற கதையும் உண்டு. 1982இல் கிறிஸ் எஸ்பினோசா ஆப்பிள் நிறுவனத்தில் மெக்கின்டாஷ் கணினிக்கான கையேடுகளின் பொறுப்பில் இருந்தார். பதினான்கு வயதிலேயே ஆப்பிளுக்குள் நுழைந்தவர். அப்போது இருபதைத் தொட்டிருந்தார். கணினியின் வரைகலைக் கருவிகளைப் புரிந்துகொள்ள வேண்டுமே என்று அவற்றைக் கொண்டு ஒரு கால்குலேட்டரை வரைந்தார். ஸ்டீவ் ஜாப்ஸ் வந்து பார்த்துப் பின்னணி இருட்டு, கோடு தடிமன் சரியில்லை, பொத்தான் பெரிது என்று அடுக்கினார். திருத்தினால் மறுநாள் புதுக்குறை. சலித்துப்போன எஸ்பினோசா, கோட்டின் தடிமன், பொத்தானின் அளவு, பின்னணி எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கும்படி ஒரு நிரல் எழுதி ஜாப்ஸிடமே கொடுத்துவிட்டார். ஜாப்ஸ் பத்து நிமிடம் போல உட்கார்ந்து தனக்குப் பிடித்தபடி அமைத்தார். அந்தத் தோற்றம் மேக் ஓஎஸ் 9 காலம்வரை மாறவில்லை. பழகுகிறவர் எழுதிய நிரலுக்குள்ளிருந்து கருவி செய்யும் கருவி ஒன்று பிறந்ததுதான் இதில் ரசிக்கத்தக்கது.

இன்று செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் சில நொடிகளில் வண்ணப் பொத்தான்களோடு கால்குலேட்டர் வந்துவிடுகிறது. பிறகு எதற்கு இந்தப் பயிற்சி என்று மாணவர்கள் கேட்பது நியாயமான கேள்வி. இதுவரை பார்த்த ஒவ்வோர் இடத்திலும் யாரோ ஒருவர் முடிவெடுக்க வேண்டியிருந்தது: 14 அல்லது 20, பிழைச் செய்தி அல்லது முடிவிலி, எத்தனை இலக்கம், எந்தச் சதவீதம். நொடியில் வந்த நிரலிலும் அத்தனை முடிவுகளும் இருக்கின்றன. எடுத்தது யார் என்பதுதான் தெரியாது. தானே ஒருமுறை எழுதித் திணறியவருக்கு எந்தெந்த இடத்தைத் தட்டிப் பார்க்க வேண்டும் என்பது தெரியும். மற்றவர் 10, 5 கொடுத்து 15 வந்ததும் திருப்தியடைந்துவிடுவார். எழுதிய பிறகு இயந்திரத்திடம் காட்டிக் குறை சொல்லச் சொல்வதில் தப்பேதும் இல்லை. அது நல்ல பழக்கமும்கூட.

பள்ளி, கல்லூரி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ரெக்கார்டு நோட்டின் அவுட்புட் பக்கத்தில், தன் கால்குலேட்டர் எந்தெந்த உள்ளீட்டில் தடுமாறியது, அங்கே என்ன செய்வதென்று தீர்மானித்தார், ஏன் என்று மாணவரை ஐந்து வரி எழுதச் சொல்லுங்கள். வைவாவில் அந்த ஐந்து வரியிலிருந்து கேள்வி கேளுங்கள். மதிப்பெண்ணில் பாதியை அதற்குக் கொடுங்கள். வகுப்பில் காட்டுவதற்குப் பெரியவர்கள் எழுதிய மாதிரி வேண்டுமென்றால் அதுவும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. 2019 மார்ச்சில் மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் கால்குலேட்டரின் மூலநிரலை கிட்ஹப் தளத்தில் எல்லாரும் படிக்கும்படி திறந்துவிட்டது. பயனர்கள் சுட்டிக்காட்டிய பிழைகளின் பட்டியலும் அங்கேயே இருக்கிறது.